பென்சிலுக்கு முன்னால் தவுகே

அன்புள்ள அக்கா,

பினாங்கு பாயான் லெப்பாஸில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்றரை. பாலர்பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே விளையாட்டோடு சொல்லிக்கொடுக்கலாம் என்று தொடங்கினேன். ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்குக் கணக்கு என்று அட்டவணை போட்டேன். பயிற்சித்தாள்கள் அச்செடுத்து வைத்தேன். மூன்றாவது வாரமே மகள் பென்சிலைப் பார்த்தால் அழுகிறாள். மாமியார் தினமும், "இன்னும் 'அ' எழுத வரலையா?" என்று கேட்கிறார். வீட்டில் தோட்டமும் இல்லை. எங்கே தவறுகிறேன்? ஏழு வயது வரை காத்திருக்கலாமா?

வாசகி, பாயான் லெப்பாஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள். தவறு அது ஒன்றுதான். அட்டவணையை ஒரு மாதத்துக்கு மடித்து வையுங்கள். அவசரப்படாத கல்வி என்றால் பிள்ளையை அதன்போக்கில் விட்டுவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் நாள் இரவே நீங்கள் பொருளை எடுத்து வைக்க வேண்டும். மறுநாள் காலையில் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

மகள் அழுவது பிடிவாதத்தால் அல்ல என்றே நினைக்கிறேன். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒன்றைப் பிடிக்கும் வலு வராத கையில் பென்சிலைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். அந்த வலுவைச் சமையலறை தரும். பசாரில் தவுகே, அதாவது பயற்று முளை, வாங்கி வந்து, ஒரு கைப்பிடியை அவள் முன் வைத்து வாலைக் கிள்ளச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை உருவுவது, தேங்காய்ப்பால் பிழிவது, சப்பாத்தி மாவு உருட்டுவது எல்லாம் எழுத்துப் பயிற்சிதான். தம்பிக்குத் துணிக்கிளிப்புகளைக் கொடுத்து வாளியின் விளிம்பில் மாட்டச் சொல்லுங்கள். பத்து கிளிப் போதும். ஐம்பதைக் கொட்டினால் வீசத்தான் செய்வான்.

பிறகு விரலால் எழுதும் தட்டு. கறுப்பு அல்லது கருநீலத் தட்டில் ரவையை அரை சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். விரல் போன வழியில் தட்டின் நிறம் தெரிய வேண்டும். இதைவிடக் கனமாகப் போட்டால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும், பிள்ளை சலித்துப்போகும். நம் ஊர் ஈரத்தில் ரவை கட்டிபிடிக்கும். வாரம் ஒருமுறை வெறும் வாணலியில் வறுத்து, நன்றாக ஆறிய பிறகு கொடுங்கள். அரிசி மாவு வேண்டாம், எறும்பு வரும்.

எழுத்தை 'அ'வில் தொடங்காதீர்கள். சுழி, வளைவு, நேர்கோடு மூன்றும் அந்த ஒரே எழுத்தில் இருக்கின்றன. 'ட', 'ப', 'ம' என்று தொடங்குங்கள். 'ட', 'ப' இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை. 'ம'வில் ஒரே ஒரு வளைவுதான் கூடுகிறது. இந்த மூன்றோடு ஒரு புள்ளியும் சேர்ந்தால் 'படம்', 'பட்டம்' என்று வாசித்துவிடலாம். தானாக ஒரு சொல்லைப் படித்த பிள்ளை அடுத்த எழுத்தை அதுவே கேட்கும். 'அ' பின்னால் வரட்டும். அத்தையிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

தோட்டம் இல்லையே என்று வருந்த வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி பச்சைப்பயற்றை எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் பரப்பிக் காலையும் மாலையும் அலசுங்கள். இரண்டாம் நாளே முளை தெரியும். தண்ணீர் தேங்கினால் காற்றில்லாமல் அழுகி நாறும்; பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. முளைத்ததில் நான்கை மண்ணில் நட்டு, தினமும் செடியின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். பத்தாம் நாள் சுவரில் ஒரு வரைபடம் நிற்கும். எந்த நாளில் அதிகம் வளர்ந்தது என்று அவளே காட்டுவாள். கணக்கு நடந்துவிட்டது. தண்ணீர் விளையாட்டுக்கு ஒரு பேசின், இரண்டு குவளை, ஒரு புனல் போதும். முடிந்ததும் பேசினைக் கவிழ்த்து வையுங்கள், ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய தண்ணீர் ஒரு வாரம் கிடைத்தாலே போதும்.

வாரம் ஒரு காலை தண்ணீர்மலைக்குப் போங்கள். 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா அங்கே இருக்கிறது. எட்டு மணிக்குள் சேர்ந்து பத்துக்குள் திரும்பிவிட்டால் வெயிலிலிருந்தும் பிற்பகல் இடிமழையிலிருந்தும் தப்பலாம். முழுப் பூங்காவையும் சுற்றாதீர்கள். ஒரே மரத்தைத் தேர்ந்து ஒவ்வொரு வாரமும் அதனிடமே செல்லுங்கள். நாகலிங்க மரம் நல்லது. பூ கிளை நுனியில் அல்லாமல் தண்டிலிருந்தே தொங்குவதைப் பார்க்கும் பிள்ளை கேள்வி கேட்காமல் இருக்காது. பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள். அந்தக் காய் கனமானது, அடியில் உட்கார வேண்டாம். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பறிக்கும். தண்ணீரும் துண்டும் முதுகுப்பையில் இருக்கட்டும். பூவோ இலையோ கீழே விழுந்ததை மட்டும் எடுக்கப் பழக்குங்கள்.

பொறுக்கும் சிவப்பு விதைகளில் கவனம் வேண்டும். முழுச் சிவப்பாக, தட்டையாக இருப்பது மஞ்சாடி. கறுப்புப் பொட்டு இருந்தால் குன்றிமணி. மென்று விழுங்கினால் ஒன்றே உயிருக்கு ஆபத்து, வீட்டுக்கே வரக்கூடாது. மஞ்சாடி நான்கு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிராம். சமையலறைத் தராசில் நாற்பதை வைத்துப் பார்க்கலாம்.

ஏழு வயது பற்றிக் கேட்டீர்கள். எழுதவும் வாசிக்கவும் காத்திருக்கலாம். சட்டம் காத்திருக்காது. 2003 முதல் நம் மலேசியாவில் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி கட்டாயம். ஜனவரி முதல் தேதியில் ஆறு வயது நிறைந்த பிள்ளையை அந்த ஆண்டே பள்ளியில் சேர்த்தாக வேண்டும். தவறினால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். வீட்டுக்கல்வியைத் தொடர முறையாக விதிவிலக்குப் பெற வேண்டும். கேட்டதும் கிடைத்துவிடும் என்று எண்ணாதீர்கள். இப்போதே மாவட்டக் கல்வி இலாகாவுக்கு நேரில் போய்ப் பேசுங்கள். ஒரு நோட்டில் தினமும் தேதியிட்டு மூன்று வரி எழுதி வாருங்கள், என்ன செய்தாள், என்ன கேட்டாள், எங்கே தடுமாறினாள் என்று.

பேச்சு விஷயத்தில் மட்டும் காத்திருக்காதீர்கள். மகன் பேசுவது வெளியாட்களுக்குப் பெரும்பாலும் புரியவில்லை என்றாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றாலோ, கிளினிக்கில் காது கேட்கும் திறனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அத்தையின் கேள்விக்கும் வேலை கொடுக்கலாம். பல்லாங்குழிப் பலகையை எடுத்து, பதினான்கு குழியிலும் ஐந்தைந்து மஞ்சாடி போட்டு, பேத்தியோடு உட்கார வையுங்கள். மொத்தம் எழுபது. நான்கு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளும் ஆட்டத்தையே ஆடட்டும். ஒரு மாதத்தில் நான்கை எண்ணாமலே கண்ணால் பிடிப்பாள். தம்பி விதையை மூக்கில் திணிக்கும் வயதில் இருக்கிறான், அவன் தூங்கும் நேரத்தில் ஆடட்டும். முடிந்ததும் எழுபதும் இருக்கின்றனவா என்று அவளையே எண்ணி டப்பாவில் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா