ஆறு மாதம் பொறுக்கலாமா?

கேள்வி: ஹட்டனில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பழைய காசு சேர்க்கும் பழக்கம். மாதம் மிஞ்சும் சல்லியில் சதக் காசுகளை மொத்தமாக வாங்கிப் போட்டுவிடுவேன். மூன்று பிஸ்கட் டின் நிறைந்துவிட்டது. "இந்தத் துருவையெல்லாம் வைத்து என்ன பண்ணப் போகிறாய்?" என்று அக்கா கேட்கிறார். இப்போது கண்டியில் ஒரு வியாபாரியிடம் 1957ஆம் ஆண்டு புத்த ஜயந்தி 5 ரூபாய் வெள்ளிக் காசு இரண்டு பார்த்தேன். ஒன்று தேய்ந்தது, பாலிஷ் போட்டது. இரண்டு மாதச் சேமிப்பில் வாங்கிவிடலாம். மற்றது புதுக்கருக்கு அழியாதது; ஆறு மாதம் சேர்க்க வேண்டும். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால்? எங்கள் அப்பாயி வைத்திருந்த தகர வில்லை ஒன்றும் இருக்கிறது. எழுத்தும் எண்ணும் குத்தியது. அதை விற்று இதில் போடலாமா?
- வாசகர், ஹட்டன்

பதில்: ஆறு மாதம் பொறுங்கள், தம்பி.

யாராவது வாங்கினால் வாங்கிக்கொண்டு போகட்டும். அந்த 5 ரூபாய்க் காசு லட்சக்கணக்கில் அடித்தது. நல்ல நிலையில் உள்ளவை இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. கண்டியில் போனது கொழும்பில் கிடைக்கும். வியாபாரிகள் "இதோடு சரி, இனிக் கிடைக்காது" என்றுதான் சொல்வார்கள். மனம் கேட்காவிட்டால் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து, அது எந்தக் காசுக்கு, எந்தத் தேதி வரைக்கும் என்று துண்டில் எழுதி வாங்குங்கள். பழகிய வியாபாரி என்றால் வைத்துக் கொடுப்பார்.

பாலிஷ் போட்டதை ஏன் வேண்டாம் என்கிறேன்? அதை வாங்கினாலும் உங்கள் ஆசை அடங்காது. நாலு மாதம் கழித்து நல்லது ஒன்றைப் பார்ப்பீர்கள், அதையும் வாங்குவீர்கள். முதலில் வாங்கியதை விற்கப் போனால் கொடுத்த விலை திரும்பி வராது. தேய்த்த காசை வியாபாரிகள் வெள்ளி எடைக்குத்தான் கேட்பார்கள். சிக்கனம் என்று நினைத்துச் செய்த செலவு, நல்ல காசின் விலைக்கு மேல் போய் நிற்கும்.

அடுத்த முறை கண்டிக்குப் போகும்போது இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் கையில் எடுத்துப் பாருங்கள். விளிம்பில் மட்டும் பிடித்து மெதுவாகச் சாய்த்தால், அச்சிலிருந்து வந்தபடியே இருக்கும் காசில் ஒளி ஒரு பட்டையாக மையத்தைச் சுற்றிச் சுழன்று வரும். தேய்த்த காசு சாம்பல் போட்டுத் துலக்கிய செம்பு மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே மினுமினுப்பாக இருக்கும், ஒளி எங்கும் ஓடாது. லென்ஸ் வைத்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் தெரியும். அந்தச் சுழலும் ஒளி போனால் போனதுதான், எந்தப் பாலிஷாலும் திரும்பி வராது. எடையும் போட்டுப் பாருங்கள். அந்தக் காசு 925 தரத்து வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி; 28.28 கிராம் இருக்க வேண்டும். நகைக்கடைத் தராசு போதும். நல்ல காசில் எடை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கணிசமாகக் குறைந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

சேர்ப்பதற்கு வழி? டின்னில் போட்டால் நீங்களே எடுத்து இன்னொரு கிலோ சதக் காசு வாங்கிவிடுவீர்கள், உங்கள் கடிதத்திலேயே அது தெரிகிறது. கடையிலோ குடியிருக்கும் லயத்திலோ நம்பிக்கையான ஆட்கள் சீட்டுப் பிடித்தால் ஒரு பங்கு போட்டு, கடைசி நம்பரைக் கேட்டு வாங்குங்கள். எல்லோரும் முதல் நம்பருக்கு அடித்துக்கொள்வார்கள், கடைசியை உங்களுக்குச் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். முறை வரும்வரை கை வைக்க முடியாது என்பதுதான் இதில் உள்ள வசதி. இந்த வெள்ளிக் காசை வாங்குவதற்காக நகையை அடகு வைப்பது மட்டும் கூடவே கூடாது.

ஆறு மாதமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கொழும்பு கோட்டையில் சென்ட்ரல் பாயின்ட் கட்டிடத்தில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு நாள் போய்ப் பாருங்கள். வெள்ளி 50 சதம் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1917 வரை வந்தவற்றில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி, 1919இலிருந்து வந்தவற்றில் 550 பங்குதான். இரண்டையும் "வெள்ளிக் காசு" என்று ஒரே விலைக்குத் தள்ளப் பார்ப்பவர்கள் உண்டு. ஆண்டைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் நல்ல நிலைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கவும் கூடாது. யாழ்ப்பாண அரசர்களின், 'சேது' என்று எழுத்துப் பொறித்த காசு தேய்ந்துதான் கிடைக்கும். நந்தியும் எழுத்தும் தெரிந்தாலே நல்ல காசு. மறுபடி கண்ணில் படுமோ படாதோ என்கிற பொருளுக்குப் பொறுமை உதவாது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: 1815 மார்ச் 2க்கு முந்தியவை நம் சட்டப்படி தொல்பொருள். நிலத்தில் தோண்டி எடுத்தது என்று யாராவது கொண்டுவந்தால் தொடவே தொடாதீர்கள்.

அந்த மூன்று டின்னுக்கு வருவோம். அக்கா சொல்வது பாதி சரி. விளிம்பு வளைவு வளைவாக உள்ள 2 சதம், 10 சதம், சதுரமான 5 சதம் எல்லாவற்றிலும் ஆண்டுக்கு ஒன்று, இருப்பதிலேயே தெளிவானதை மட்டும் எடுத்து வையுங்கள். மற்றதை மொத்தமாக விற்று அந்தச் சல்லியையும் சீட்டில் சேருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பிடி கொடுங்கள். வைத்துக்கொள்வதைப் புளி போட்டோ பிராசோ பாலிஷ் போட்டோ தேய்க்க வேண்டாம். உங்கள் பக்கத்துப் பனிமூட்டத்துக்கும் ஈரத்துக்கும் செம்பு சீக்கிரம் பச்சை பிடிக்கும். மணம் அடிக்கும் மலிவு பிளாஸ்டிக் உறை அதை இன்னும் கெடுக்கும். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் டின்னுக்குள் போடுங்கள்.

அப்பாயியின் தகர வில்லையை விற்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது 'டின் டிக்கெட்' ஆக இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வேலைக்கு ஆள் திரட்டிய காலத்தில், வருகிறவர் கழுத்தில் கயிற்றில் மாட்டிவிட்ட வில்லை அது. எழுத்து மாவட்டத்தைக் காட்டும், எண் தோட்டத்தைக் காட்டும். வழிச் செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுத வேண்டும் என்பதற்குத்தான் அந்த அடையாளம். அதைக் கழுவவும் வேண்டாம். இரண்டு பக்கமும் படம் எடுத்து, எழுத்தையும் எண்ணையும் தனியாகக் குறித்து அனுப்புங்கள். அப்பாயி எந்தத் தோட்டத்துக்கு வந்தார் என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.