டயாலிசிஸ்: அந்த முதல் பத்து நிமிடத்தை மறைக்காதீர்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. ஒன்றரை வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறோம். ஃபில்டருக்குள் இருக்கும் சவ்வு ரத்தத்தைக் கெடுத்து, வெள்ளை அணுக்களை அழித்துவிடுகிறது என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அவருக்கு இரவில் அரிப்பு, முடி கொட்டுதல், டயாலிசிஸ் முடிந்து வந்தால் களைப்பு எல்லாம் இருக்கிறது. முடிந்த பிறகு ஃபில்டரில் சிவப்புக் கோடுகளும் தெரிகின்றன. ஒரு மாதமாக மெஷின் ஓடத் தொடங்கியதும் நெஞ்சு இறுக்கி, முகம் சூடாகி, இருமுகிறார். அதனால் கிளம்பும் முன் அலர்ஜிக்குப் போடும் செட்ரிசின் மாத்திரை கொடுத்து அனுப்புகிறேன், இப்போது கொஞ்சம் பரவாயில்லை. ரத்தத்துக்கு ஒத்துப்போகும் புதிய வகைச் சவ்வை வெளிநாட்டிலிருந்து வாங்கலாமா? இல்லை, டயாலிசிஸை வாரம் ஒரு முறையாகக் குறைத்துவிடலாமா?

- ஒரு வாசகி, திருச்சி

பதில்:

டயாலிசிஸைக் குறைக்காதீர்கள். ஒரு முறை கூட. அப்பாவின் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதற்கு நேர் எதிரானதைச் செய்துவிடுவீர்கள். பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோவதும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுவதும் இடைவெளி கூடும்போது வருகிற ஆபத்துகள். சவ்வால் அல்ல.

உங்கள் கடிதத்தில் நான் நின்று வாசித்தது ஒரே இடம்தான். மெஷின் ஓடத் தொடங்கியதும் வருகிற நெஞ்சு இறுக்கம், முகச் சூடு, இருமல். நீங்கள் அதை மற்ற தொல்லைகளோடு ஒன்றாகச் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். போதாததற்கு, யாரிடமும் சொல்லாமல் செட்ரிசின் கொடுத்து அதை அமுக்கியும் வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வாமையின் முதல் அடையாளம் பல நேரம் அரிப்பும் முகச் சூடும்தான். அதை மாத்திரை மறைத்துவிடும். ஆனால் மூச்சுக்குழாய் சுருங்குவதையோ ரத்த அழுத்தம் சரிவதையோ அது தடுக்காது. அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாமல் நேராக அங்கே போய் நிற்கலாம்.

சவ்வைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். அந்த வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை, பழைய கதை. 1943இல் நெதர்லாந்தின் காம்பன் ஊரில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் செலோஃபேன் குழாயைச் சுற்றித்தான் முதல் செயற்கைச் சிறுநீரகத்தை ஓட்டினார். அதன் பிறகு பல பத்தாண்டுகள், செலோஃபேன் எதனால் ஆனதோ அந்தத் தாவரப் பொருளான செல்லுலோஸ்தான் சவ்வு. குப்ரோஃபேன் என்று ஒன்று, நாங்கள் படித்த காலத்துப் பாடப்புத்தகங்களில் பக்கம் பக்கமாக வரும். செல்லுலோஸின் மேற்பரப்பில் நிறைந்திருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பார்த்ததும், ஏதோ கிருமி நுழைந்துவிட்டது என்று நம் ரத்தத்திலிருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் விழித்துக்கொள்ளும். அவை கொடுக்கிற சமிக்ஞையில் வெள்ளை அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நுரையீரலின் நுண்குழாய்களில் போய்த் தங்கும். தொடங்கிக் கால் மணி நேரத்தில் ரத்தம் எடுத்து எண்ணினால் வெள்ளை அணு மிகவும் குறைந்திருக்கும். 1977இல் இதைத் தெளிவாகக் கண்டுபிடித்து எழுதினார்கள். அந்த அணுக்கள் சாவதில்லை, ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். வீடியோக்காரர் இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டார்.

அதற்கப்புறம்தான் சவ்வை மாற்றினார்கள். செல்லுலோஸின் அந்த ஹைட்ராக்சில் தொகுதிகளை அசிட்டேட்டால் மூடினார்கள். அப்புறம் பாலிசல்ஃபோன், பாலிஈத்தர்சல்ஃபோன் என்ற செயற்கைப் பிளாஸ்டிக் வகைகள் வந்தன. இன்று உங்கள் அப்பாவுக்குப் போடுவது பெரும்பாலும் இந்த வகைதான். பாலிசல்ஃபோன் தனியாக இருந்தால் தண்ணீரோடு ஒட்டாது, ரத்தப் புரதங்கள் அதன் மேல் அப்பிக்கொள்ளும். அதனால் பிவிபி என்ற நீர்விரும்பிப் பொருளைக் கலந்து இழைக்கிறார்கள். ஒரு ஃபில்டரில் கிட்டத்தட்ட 10,000 இழைகள், ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலம். விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்பு வரும். நிமிடத்துக்கு 300 மில்லி என்று நான்கு மணி நேரம் ஓடினால் 72 லிட்டர் ரத்தம் அதைத் தொட்டுப் போகிறது. உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர் அளவுதான். இவ்வளவு தொட்டும் பெரும்பாலானவர்கள் ஒன்றும் ஆகாமல் வீடு திரும்புகிறார்கள் என்றால், சவ்வு ரத்தத்தோடு எவ்வளவு சமாதானமாகிவிட்டது என்று பாருங்கள்.

நீங்கள் கேட்கும் 'புதிய வகை' என்பது அநேகமாக வைட்டமின் ஈ பூசியதாகவோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஒட்டியதாகவோ இருக்கும். இரண்டும் உண்மையான ஆராய்ச்சிதான். மும்பை ஐஐடியிலும் வைட்டமின் ஈ சேர்த்துக் குழல் போன்ற இழைகளை இழைத்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அந்த வேலைமேல் மதிப்பு உண்டு. ஆனால் அவை நோயாளியின் ஆயுளைக் கூட்டுகின்றன என்று இதுவரை உறுதியாகக் காட்டப்படவில்லை. கடன் வாங்கி ஃபில்டர் வரவழைக்க இது காரணமே இல்லை. அந்தப் பணத்தில் அப்பாவுக்கு நல்ல சாப்பாடு கொடுங்கள்.

சரி, அந்த நெஞ்சு இறுக்கத்துக்குத் திரும்புகிறேன். ஒன்றரை வருடம் ஓடியது, ஒரு மாதமாகத்தான் இது. அப்படியென்றால் ஒரு மாதத்துக்கு முன் ஏதோ மாறியிருக்கிறது. அது என்ன என்பதே கேள்வி.

ஃபில்டர் மாறியதா? பாலிசல்ஃபோனே ஒத்துக்கொள்ளாத சிலர் உண்டு. அவர்களுக்கு செல்லுலோஸ் ட்ரைஅசிட்டேட் போட்டால் நின்றுவிடுகிறது. எல்லோரும் ஒதுக்கிய செல்லுலோஸின் வாரிசுதான் இவர்களுக்கு அடைக்கலம் கொடுக்கிறது. ஆக 'சிறந்த சவ்வு' என்று ஒன்று கிடையாது, அப்பாவுக்கு ஒத்துப்போகும் சவ்வு எது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஃபில்டரை எப்படிக் கிருமி நீக்கியிருக்கிறார்கள்? எத்திலீன் ஆக்சைடு வாயு என்றால் அதற்கே ஒவ்வாமை வரலாம். நீராவியிலோ காமாக் கதிரிலோ செய்த ஃபில்டர் கிடைக்கிறது. உங்கள் ஊரில் ஒரே ஃபில்டரைக் கழுவி அதே நோயாளிக்கு மறுபடி போடும் வழக்கம் இருந்தால், கிருமி நீக்கப் பயன்படுத்தும் பெரஅசிட்டிக் அமிலம் மிச்சமில்லாமல் அலசினார்களா என்பதும் முக்கியம். மறுபயன்பாடு தவறு என்று சொல்லவில்லை, ஒழுங்காகச் செய்தால் ஆபத்தில்லை. மேலே ஒட்டியிருக்கும் பெயர் அப்பாவுடையதா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.

பிரஷர் மாத்திரை மாறியதா? எனலாப்ரில், ராமிப்ரில் போன்று 'ப்ரில்' என்று முடிவதாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சில சவ்வுகள், குறிப்பாக ஏஎன்69 என்ற பாலிஅக்ரிலோநைட்ரைல் வகை, ரத்தத்தில் பிராடிகைனின் என்ற பொருளைப் பெருக்கும். இந்த மாத்திரைகள் அது சிதையாமல் தடுத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சில நிமிடங்களில் தரைக்கு வரும். 1990 வாக்கில்தான் இது புரிந்தது. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்ற வேறு மருந்துகள் இருக்கின்றன.

ஹெப்பாரினையும் விட முடியாது. 2007 கடைசியிலும் 2008 தொடக்கத்திலும் அமெரிக்காவில் கலப்படமான ஹெப்பாரினால் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதே மாதிரி ஒவ்வாமை வந்தது. 

இதையெல்லாம் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உங்கள் சிறுநீரக மருத்துவர் கண்டுபிடிப்பார், நீங்கள் சொன்னால். எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, அன்று புது ஃபில்டரா பழசா என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் வருகிற இறுக்கமும் அரை மணி கழித்து லேசாக வந்து தானாக அடங்குகிற முதுகுவலியும் வேறு வேறு. இதய நோய் இருக்கிறதா என்று ஈசிஜி எடுத்தும் பார்க்க வேண்டும். 61 வயது டயாலிசிஸ் நோயாளியின் நெஞ்சு இறுக்கத்தை ஒவ்வாமை என்று மட்டும் நினைத்து உட்கார முடியாது.

மறுபடி நடந்தால் அப்பா உடனே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். 'நர்ஸுக்குத் தொந்தரவு எதற்கு' என்று பொறுத்துக்கொள்ளும் தலைமுறை அவர், அதனால் சொல்கிறேன். கடுமையான ஒவ்வாமை என்றால் பம்பை நிறுத்தி, குழாய்களைக் கவ்வி மூடிவிட்டு, குழாயில் இருக்கும் ரத்தத்தை உடம்புக்குத் திருப்பாமல் கொட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் 'ஐயோ, ரத்தத்தை வீணாக்காதீங்க, ஏத்திடுங்க' என்று உறவினர்கள் கெஞ்சுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய கால் லிட்டர் ரத்தம்தான் அது. ஒவ்வாமையைக் கிளப்பிவிட்ட பொருட்கள் அதற்குள்தான் இருக்கின்றன. போகட்டும் விடுங்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவு அரிப்புக்குப் பெரும்பாலும் பாஸ்பரசும் வறண்ட தோலும் போதாத டயாலிசிஸும்தான் காரணம். பாஸ்பரசைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போடுகிறாரா என்று பாருங்கள், குளித்ததும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். களைப்பு, நான்கு மணி நேரத்தில் நீரை இழுப்பதால் வருவது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை ஏறுவதைக் குறைத்தால் களைப்பும் குறையும். முடி கொட்டுவதற்குச் சவ்வு காரணமில்லை. ஃபில்டரில் இரண்டு மூன்று சிவப்புக் கோடுகள் பலருக்கும் இருப்பவை. பாதி ஃபில்டர் கறுத்திருந்தால் மட்டும் கேளுங்கள், ஹெப்பாரின் அளவு போதாமல் இருக்கலாம்.

அடுத்த டயாலிசிஸுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். இன்றே யூனிட்டுக்கு ஃபோன் செய்து, நெஞ்சு இறுக்கத்தையும், நீங்கள் கொடுத்துவந்த செட்ரிசினையும், அவர் சாப்பிடும் அத்தனை மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள். அன்று அவர் வழக்கம்போலப் போகட்டும், ஊசி குத்துவதற்கு முன் மருத்துவர் ஒரு முறை பார்க்கட்டும்.