வரி பாக்கி சொத்தை எத்தனை வருஷம் துரத்தும்?

கே: சேலம் குகையில் பழைய வீடு ஒன்று வாங்கினேன். ஈ.சி.யில் (வில்லங்கச் சான்றில்) வில்லங்கம் எதுவும் இல்லை. வரி ரசீதில் பெயர் மாற்றப் போனால், பழைய சொந்தக்காரர் வைத்த பாக்கியைக் கட்டச் சொல்கிறார்கள். நான் கட்டணுமா?

ஈ.சி. பதிவான ஆவணங்களைத்தான் காட்டும். வீட்டு வரி பாக்கி அதில் ஏறாது. மாநகராட்சிக் கணக்கில், வரி விதிப்பு எண்ணுக்கு நேரே கிடக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அந்த எண்ணைப் போட்டு ஆன்லைனில் பார்த்திருக்கலாம். பத்திரச் செலவுக்குப் பேரம் பேசுகிறவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை.

ஆள் மாறினாலும் இந்த வரி வீட்டின் மீதே பொறுப்பாக, அதாவது அந்தச் சொத்திலிருந்தே வசூலிக்கும் உரிமையாக, நிற்கும். ஆனால் பாக்கி இருப்பது தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரின் சொத்திலிருந்து அதை வசூலிக்க முடியாது, வேறு சட்டம் வெளிப்படையாகச் சொன்னால் தவிர, என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 100ஆவது பிரிவு. அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் ஏலத்தில் வாங்கியவர் பக்கம் நின்றது இதை வைத்துத்தான். உங்கள் விஷயத்தில், "விசாரித்திருந்தால் தெரிந்திருக்குமே" என்று கேட்பார்கள். சில ஆயிரத்துக்காக அந்த வாதத்தை நடத்துவது வீண். கட்டிவிட்டு, விற்றவரிடம் கேளுங்கள். விற்ற நாள் வரைக்குமான வரி அவர் தலையில்தான் என்று அதே சட்டத்தின் 55ஆவது பிரிவு சொல்கிறது. பத்திரத்தில் மாற்றி எழுதியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கே: 12 வருஷம் கட்டாமல் இருந்தால் வரி பாக்கி தானாகப் போய்விடும் என்கிறார் மாமா. உண்மையா?

மாமா சொல்லும் 12, காலவரையறைச் சட்டத்தில் இருப்பதுதான். சொத்தின் மீதுள்ள பொறுப்பை வைத்துப் பணம் கேட்டு வழக்குப் போடுவதற்கான கெடு அது; பாக்கியே தானாகப் போய்விடும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு அரையாண்டும் புதுப் பாக்கி விழுகிறது, வட்டியும் ஏறுகிறது. காத்திருந்து லாபமில்லை.

கே: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம். ஜி.எஸ்.டி. துறை கடைக் கட்டடத்தைத் தற்காலிகமாக ஜப்தி செய்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் செல்லுமா?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 83ஆவது பிரிவில் போட்ட உத்தரவென்றால், ஒரு வருஷத்தோடு அதன் உயிர் போய்விட்டது. ஆனால் ஈ.சி.யில் ஏறிய பதிவு அப்படியே இருக்கும். ஜப்தியில் உள்ள சொத்தைப் பதிவு செய்ய சார் பதிவாளர் மறுக்கலாம். துறையிடமிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்கிப் பதிவு அலுவலகத்தில் கொடுங்கள். இதற்கிடையே வரித் தொகையை முடிவு செய்து உத்தரவு வந்திருந்தால் கதை வேறு: அந்தத் தொகை சொத்தின் மீது முதல் பொறுப்பாகிவிடும். அப்புறம் ஒரு வருஷக் கணக்கு உதவாது.

வருமான வரியிலும் தற்காலிக ஜப்தி உண்டு. அதன் முதல் ஆயுள் ஆறு மாதம், நீட்டிக்கவும் செய்வார்கள்.

கே: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தை வங்கி ஏலம் விடுகிறது. அதே தோட்டத்தின் மீது விற்பனை வரி பாக்கியும் உண்டாம். எடுக்கலாமா?

வங்கி தன் அடமானத்தை, அடமானங்களைப் பதியும் மத்தியப் பதிவகத்தில் (செர்சாய்) பதிந்திருந்தால், வங்கிகள் அடமானச் சொத்தை எடுத்து விற்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தில் 2020 ஜனவரி 24 முதல் அமலில் உள்ள 26இ (26E) பிரிவின்படி, அரசு வரிகளுக்கும் முன்னால் அதன் கடன்தான் நிற்கும். எப்போது பதிந்தார்கள் என்று அத்தாட்சி கேளுங்கள். அந்தத் தேதியை வரித்துறை ஜப்தி உத்தரவின் தேதியோடு ஒப்பிட்டு, எது முந்தியது என்று பாருங்கள். ஏல அறிவிப்பில் "உள்ளது உள்ளபடி" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். தெரியாத பாக்கி எதுவானாலும் உங்கள் பாடு என்று அர்த்தம். ஊராட்சி வரி, நிலவரி இரண்டுக்கும் ரசீது பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.