லண்டனில் பழங்காலக் கிறிஸ்துமஸ் வீடு: எதைப் பார்க்கலாம்?

பழைய பாணியில் கிறிஸ்துமஸுக்கு அலங்கரித்த வீடு ஒன்றை லண்டனில் பார்க்க வேண்டுமென்றால், என் தேர்வு ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஃபோல்கேட் தெரு 18ஆம் எண் வீடு. லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

வீடு 1724 வாக்கில் கட்டப்பட்டது. 1979இல் இதை வாங்கிய டென்னிஸ் செவர்ஸ் என்ற அமெரிக்கர், பட்டு நெய்யும் ஹியூகனாட் (பிரான்சிலிருந்து அகதிகளாக வந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்) குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்து, அவர்கள் இப்போதுதான் எழுந்து போனதுபோல் ஒவ்வோர் அறையையும் அமைத்தார். பாதி குடித்த கோப்பை, கலைந்த படுக்கை, கணப்பில் எரியும் நெருப்பு. வெளிச்சம் பெரும்பாலும் மெழுகுவத்தியுடையதுதான். பேசாமல் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அருங்காட்சியகத்தில் போல விளக்கப் பலகையைத் தேடாதீர்கள்; மூக்கையும் காதையும் நம்புங்கள். மாடிக்குப் போகப் போக வறுமை தெரியும்.

பொதுவாக இத்தகைய வீடுகளில் ஒன்றைக் கவனியுங்கள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வரவேற்பறையில் பெரிய கிறிஸ்துமஸ் மரம் நின்றால் அது பிற்காலச் சேர்க்கை. அன்று ஹாலி, ஐவி, மிசில்டோ போன்ற பச்சைத் தழைகள்தான் அலங்காரம். ஜெர்மானிய வழக்கமான மரத்தை மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி அரசி சார்லட் 1800இல் வின்ட்சரில் வைத்தார். 1848இல் அரசி விக்டோரியா குடும்பத்தின் மரம் ஒரு வார இதழில் படமாக வந்த பிறகே அது நடுத்தர வீடுகளுக்குப் பரவியது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் 1843இல்தான் வந்தது.

டிசம்பர் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். படிக்கட்டு குறுகல், இருட்டு. முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துச் செல்லாதீர்கள்.