அண்ணன் விட்டுச்சென்ற சிறிய போர்க்கப்பல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டர்பன் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்த என் அண்ணன் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய மர அலமாரியில், உலோகத்தில் வார்த்த சாம்பல் நிறக் கப்பல் மாதிரி ஒன்று இருந்தது. ஜெர்மானிய மாலுமி ஒருவர் கொடுத்தது என்று அவர் சொன்ன நினைவு. நீளம் பதினொன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பக்கவாட்டில் ‘எஃப் 220’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அடிப்பகுதி அறுத்து எடுத்தது போலத் தட்டையாக இருக்கிறது, அங்கங்கே வெள்ளைத் தூளும் படிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பேரனுக்கு விளையாடக் கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணி. இது எந்தக் கப்பல், உடைந்த பொருள்தானா, இதை என்ன செய்வது?
– சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: ஐயா, முதல் வேலையாகப் புளியைத் தடுத்து நிறுத்துங்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கு ஏற்ற புளி இந்த உலோகத்துக்கு ஆகாது. அதன் அமிலம் வண்ணத்தைத் தின்று உலோகத்தையும் அரித்துவிடும். தேய்க்கும் கை பட்டாலே முடிபோன்ற கொடிக்கம்பங்கள் ஒடிந்துவிடும்.

உங்கள் மாதிரி உடைந்ததன்று, முழுமையானது. நீரின் மேல் தெரியும் பகுதியை மட்டும் வார்த்து, நீர்மட்டத்தோடு அடியைத் தட்டையாக விடுவது இவ்வகை மாதிரிகளின் மரபு. கடலில் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் கப்பலின் மேற்பகுதி மட்டுமே தெரியும் என்பதால், எதிரிக் கப்பல் எது, நட்புக் கப்பல் எது என்று உருவத்தைக் கொண்டே அடையாளம் காணும் பயிற்சிக்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இத்தகைய சிறு மாதிரிகளைப் பயன்படுத்தினார்கள். ஜெர்மனியில் விக்கிங் என்ற நிறுவனம் 1:1250 அளவில், அதாவது உண்மைக் கப்பலின் 1250இல் ஒரு பங்கு நீளத்தில், செய்தவை சேகரிப்பாளர்களிடையே பெயர்பெற்றவை. அந்த அளவே பின்னர் ஜெர்மானியச் சேகரிப்பாளர்களுக்கு வழக்கமான அளவாக நிலைத்தது. ஹாம்பர்க் நகரில் 2008இல் திறக்கப்பட்ட பன்னாட்டுக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இவ்வளவில் செய்த கப்பல்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன.

‘எஃப் 220’ என்பது ஜெர்மானியக் கடற்படையின் ஹாம்பர்க் என்ற போர்க்கப்பலின் எண். சாக்சன் வகையைச் சேர்ந்த மூன்று ஃபிரிகேட் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) கப்பல்களில் அது இரண்டாவது. 2004 டிசம்பரில் பணியில் சேர்ந்தது. அதன் நீளம் 143 மீட்டர். அதை 1250ஆல் வகுத்தால் 11.44 சென்டிமீட்டர் வருகிறது. நீங்கள் அளந்து எழுதியதும் அதுவே. இவ்வளவில் ஓர் ஆள் ஒன்றரை மில்லிமீட்டர் உயரம்கூட வரமாட்டார். ஆகவே உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு, முகப்பில் 76 மில்லிமீட்டர் பீரங்கி, முன்கம்பத்தின் உச்சியில் நான்கு திசைக்கும் முகம் காட்டும் ரேடார், பின்பக்கம் ஹெலிகாப்டர் கொட்டகையருகே கறுப்புப் பலகை போன்ற பெரிய சுழலும் ரேடார் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் கறுப்புப் பலகை இவ்வகைக் கப்பலை உடனே காட்டிக்கொடுக்கும்.

பெயர்தான் ஹாம்பர்க்; கப்பலைக் கட்டியது ஜெர்மனியின் கீல் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில். நம் தென்னாப்பிரிக்கக் கடற்படையின் இசாண்டில்வானா, மெண்டி ஆகிய ஃபிரிகேட்டுகளும் அதே நகரத்தில் கட்டப்பட்டவை. அமட்டோலா, ஸ்பியோன்கோப் என்ற மற்ற இரண்டும் ஹாம்பர்க் நகரத்துத் தளத்தில் உருவானவை. சைமன்ஸ் டவுன் கடற்படைத் தளத்தில் நிற்கும் அந்த நான்கும் 121 மீட்டர் நீளமுடையவை. இதே அளவில் செய்தால் 9.7 சென்டிமீட்டர் வரும். கப்பல் பட்டறையில் உழைத்த உங்கள் அண்ணன் இந்தச் சிறு பொருளை ஏன் இத்தனை காலம் பத்திரப்படுத்தினார் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

உண்மையில் கவலைக்குரியது அந்த வெள்ளைத் தூள். இவ்வகை வார்ப்புகள் பல, வெள்ளீயமும் காரீயமும் கலந்தவை. மரம், ஒட்டுப்பலகை, சில பசைகள் ஆகியவற்றிலிருந்து காடியில் (வினிகரில்) இருக்கும் அதே அசெட்டிக் அமிலம் ஆவியாக மெல்ல வெளியேறும். மூடிய அலமாரிக்குள் அது தேங்கிக் காரீயத்தைத் தாக்குகிறது. பின்னர் காற்றிலுள்ள கரியமில வாயு சேர்ந்து வெள்ளைத் தூளாக மாறும்போது அந்த அமிலம் மீண்டும் விடுபட்டு அடுத்த இடத்தை அரிக்கத் தொடங்குகிறது. தூளைத் துடைத்துவிட்டு அதே அலமாரியில் வைத்தால் மறுபடியும் படிவது இதனால்தான். டர்பன் கோடையின் ஈரக்காற்று இந்த அரிப்பை விரைவுபடுத்தும்.

காரீயத் தூள் நஞ்சு. எனவே கையுறையும் முகக்கவசமும் அணிந்து, தூள் பறக்காதபடி சற்றே ஈரமாக்கிய பஞ்சால் ஒற்றி எடுத்துப் பஞ்சை எறிந்துவிடுங்கள். உடனே நன்றாக உலரவிட்டுக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாயில் எதையும் வைக்கும் வயதுப் பேரனிடம் இதைக் கொடுக்கவே கூடாது. கண்ணாடியும் உலோகமும் மட்டும் கொண்ட பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்தோடு வையுங்கள். பெட்டியை ஒட்டுவதற்குக் காடி வாடை வீசும் சிலிகோன் பசையைப் பயன்படுத்தினால் அலமாரியில் இருந்த அதே கேடு பெட்டிக்குள்ளும் வரும். காமாட்சி விளக்கின் புகையும் கற்பூரக் கரியும் படியும் பூசை அறையும் இதற்கு ஏற்ற இடமன்று.

வண்ணம் உதிர்ந்திருந்தாலும் புதிதாகப் பூசாதீர்கள்; சேகரிப்பாளர்கள் முதல் வண்ணத்தையே மதிக்கிறார்கள். அடிப்பக்கத்தில் செய்தவரின் பெயரோ வரிசை எண்ணோ இருக்கக்கூடும். அதைச் சுரண்டாமல் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய அட்டைப்பெட்டி வீட்டில் எங்காவது கிடைத்தால் எறிந்துவிடாமல் தனியே வையுங்கள். அதனுள் ஒரு தாளில் அண்ணனுடைய பெயரையும், அவர் வேலை செய்த ஆண்டுகளையும், ஜெர்மானிய மாலுமி கொடுத்தது என்று அவர் சொன்னதையும் அண்ணியிடம் கேட்டு இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.