ஒப்பந்தம் இருந்தும் சாபஹார் துறைமுகத்தில் முதலீடு மெதுவாக வருவது ஏன்?

இந்தியா, ஈரான் என்ற இரு நாடுகளின் நல்லுறவு மட்டும் முதலீட்டைக் கொண்டுவந்துவிடாது என்பதே இக்கேள்விக்கான சுருக்கமான பதில். ஈரானின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள சாபஹார், பாகிஸ்தானைத் தொடாமல் ஆப்கானிஸ்தானையும் மத்திய ஆசியாவையும் அடைய இந்தியாவுக்கு வழி தருவதால், 2016 மே மாதம் இந்தியா, ஈரான், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளும் டெஹ்ரானில் ஒப்பந்தம் செய்துகொண்டன. அப்போது ஈரான் மீதான அணுசக்தித் தடைகள் தளர்ந்திருந்தன.

2018இல் அமெரிக்கா ஈரானுடனான அணு ஒப்பந்தத்திலிருந்து விலகித் தடைகளை மீண்டும் விதித்ததும் நிலைமை மாறியது. சாபஹாருக்கு அமெரிக்காவே அத்தடைகளிலிருந்து விலக்கு அளித்தது உண்மைதான். ஆனால் பாரந்தூக்கி தயாரிக்கும் நிறுவனமும், கடன் தரும் வங்கியும், கப்பலுக்குக் காப்பீடு தரும் நிறுவனமும் டாலர் சந்தையைச் சார்ந்தவை. விலக்கு எப்போது பறிபோகும் என்று தெரியாத இடத்தில் அவை சட்டப்படி அனுமதி இருந்தும் ஒதுங்கிக்கொள்கின்றன. என் பார்வையில் முதலீட்டாளரை விரட்டுவது தடையைவிட இந்த நிச்சயமின்மையே. தடை தெரிந்த செலவு, அதைக் கணக்கிட்டுவிடலாம்.

எனவேதான் அங்கு தனியார் தயங்க, அரசு நிறுவனமே முன்னின்றது. 2024 மே மாதம் இந்திய அரசு நிறுவனமான இந்தியா போர்ட்ஸ் குளோபல் பத்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கருவிகளுக்கு 12 கோடி டாலர் முதலீட்டை உறுதியளித்தது. உட்கட்டமைப்புக்கு 25 கோடி டாலர் கடனுதவியையும் இந்தியா முன்வைத்தது. அடுத்த ஆண்டே, 2025 செப்டம்பரில், அமெரிக்கா அந்த விலக்கைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பின்னர் குறுகிய காலத்துக்கு நீட்டித்தது. ஆறு மாத விலக்கை நம்பிப் பத்தாண்டுத் திட்டத்தில் பணம் போட எந்த வங்கியும் எளிதில் முன்வராது.