மாரிக் காளானைப் பார்ப்பதும் பதிவதும்

கேள்வி: கோப்பாய்ப் பக்கம் எங்கள் சனசமூக நிலையத்துப் பிள்ளைகளைச் சேர்த்து இந்த மாரிக்குக் காளான் பார்க்கும் குழு ஒன்று தொடங்க விருப்பம். எங்கே பார்ப்பது, எப்படிப் பதிவது? உள்ளியோடு அவிக்க, உள்ளி கறுத்தால் நஞ்சு என்று பெரியவர்கள் சொல்வதை நம்பலாமா?

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரமானது. நம்பக் கூடாது. உள்ளியோ வெள்ளிக் கரண்டியோ கறுப்பதற்கும் காளான் நஞ்சுக்கும் தொடர்பில்லை. வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகச் சேர்வைகள். ஈரலை அழிக்கும் அமற்றொக்சின் என்ற காளான் நஞ்சு வெள்ளியை ஒன்றும் செய்யாது, அவித்தாலும் அழியாது. நத்தை தின்றது, புழு இருந்தது என்பதும் சாட்சியல்ல. எனவே குழுவின் முதல் விதி, பதிவுக்கு எடுத்த காளான் சட்டிக்குப் போகாது என்பதே. சாப்பிட ஆசையென்றால் வளர்த்து விற்கும் சிப்பிக்காளானை வாங்குங்கள். தொடுவதால் நஞ்சு ஏறாது. கையைக் கழுவினால் போதும். யாராவது தின்று வாந்தி எடுத்தால் மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அம்புலன்சுக்கு 1990. தின்று ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு தொடங்கும் வாந்தி, வயிற்றோட்டம் இன்னும் ஆபத்தானது. இடையில் சுகமானதுபோலத் தெரிந்தாலும் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கலாம்.

ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை, நல்ல மழை பெய்து விட்ட இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் போங்கள். ஊர் முழுக்க அலைவதைவிட ஒரே பாதையைக் கிழமைக்கு ஒருமுறை நடப்பது நல்லது. ஒன்றும் முளைக்காத கிழமையையும் எழுதுங்கள். எந்த மழைக்கு எது வந்தது என்று அப்போதுதான் தெரியும். வேலியில் பட்டுப்போன பூவரசு, கிளுவைக் கதியால்களில் விசிறி வடிவில் சாம்பல் வெள்ளையாக ஒட்டியிருப்பது பிளவுத்தகட்டுக் காளான். அடித்தகடுகள், அதாவது குடையின் கீழ்ப்பக்கத்து மெல்லிய மடிப்புகள், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். மாட்டெருக் குவியலில் ஒரே நாளில் கறுத்து மையாக வடிவது மைத்தொப்பி. வைக்கற் கும்பியில் அடியில் கிண்ணம்போல உறையோடு வருவது வைக்கோற் காளான்.

கறையான் புற்றுக்குள் கை விடாதீர்கள். நாகம், புடையன், மணற்பாங்கான இடங்களில் சுருட்டை எல்லாம் எங்கள் மண்ணில் உண்டு. வெடிபொருள் எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்கும், ஆளில்லாப் பற்றைக்காணிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே வேண்டாம். சுண்டிக்குளம் போன்ற தேசிய பூங்காவில் அனுமதியில்லாமல் எதையும் பிடுங்கக் கூடாது.

கறையான் புற்றில் முளைக்கும் புற்றுக்காளானைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அதைப் பாதியாகத்தான் எடுக்கிறார்கள். இழுத்தால் காம்பு நிலமட்டத்தில் முறிந்துவிடும். உழவாரத்தால் ஒரு சாண் தள்ளிக் கிடங்கு வெட்டி, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி வாருங்கள். காம்பின் தொடர்ச்சியாக வேர்போன்ற ஒரு வால் கீழே இறங்கும். அது போய் முடிவது கறையான் வளர்க்கும் பங்கசுத் தோட்டத்தில். கடற்பஞ்சுபோன்ற கபில நிறக் கட்டி, அதில் குண்டூசித் தலையளவு வெள்ளை உருண்டைகள். குடையின் நடுவில் மண்ணைத் துளைத்து வந்த கூர் முனை இருக்கும். இந்த வால்தான் இனத்தை அடையாளம் காண முக்கியமானது. நீண்ட வாலுள்ள இனமொன்றை இலங்கை மாதிரிகளைக் கொண்டு ஆங்கிலேயப் பங்கசு அறிஞர் பேர்க்லி 1847இல் விபரித்தார். நூற்றுக்கணக்கில் சிறு சிறு குடையாக முளைக்கும் இனமும் 1871இல் இலங்கையிலிருந்தே விபரிக்கப்பட்டது. கறையான் வெளியே கொண்டுவந்து போடும் தோட்டத் துண்டுகளில் அது முளைப்பதால் அதற்கு நீண்ட வால் இல்லை. பேராதனைத் தாவரவியற் பூங்காவில் இருந்த பங்கசு அறிஞர் பெட்ச் 1906இலேயே புற்றுப் பங்கசுகளைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். எங்கள் பிள்ளைகள் பார்ப்பது உலகப் பெயர்பெற்ற காளான்களை.

பாடசாலை மைதானப் புல்லில் வட்டமாக வரும் பெரிய வெள்ளைக் குடையில் கவனமாக இருங்கள். மேலே கபிலச் செதில்கள், காம்பில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். இளமையில் அடித்தகடு வெள்ளையாகவே இருக்கும். அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தின்றால் பெரும்பாலும் ஒன்று தொடக்கம் மூன்று மணித்தியாலத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். இதைக் காட்டிக்கொடுப்பது வித்தியின், அதாவது அடித்தகட்டிலிருந்து விழும் விதைபோன்ற நுண்தூளின், நிறம்.

அந்த நிறத்தைப் பார்க்க வித்திப் பதிவு எடுக்க வேண்டும். நன்றாக விரிந்த, ஆனால் வாடாத குடை ஒன்றின் காம்பைத் தகட்டோடு ஒட்ட வெட்டுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்புக் கடதாசியில் தகடு கீழே பார்க்க வையுங்கள். வெள்ளை வித்தி வெள்ளைக் கடதாசியில் தெரியாது. குடையின் மேல் ஒரு துளி தண்ணீர் விட்டு, கண்ணாடிக் கிளாசால் மூடி, 6 முதல் 12 மணித்தியாலம் அசைக்காமல் விடுங்கள். மைத்தொப்பிக்கு இரண்டு மணித்தியாலம் போதும், அதற்கு மேல் உருகிவிடும். பகல் வெளிச்சத்தில், புதிதாக இருக்கும்போதே நிறத்தைப் பாருங்கள். மங்கிய பச்சை என்றால் அந்த மைதானக் குடை. இளஞ்சிவப்புச் சாயல் என்றால் புற்றுக்காளானோ வைக்கோற் காளானோ. வெள்ளைப் பதிவு, காம்படியில் உறை, மேலே வளையம் மூன்றும் சேர்ந்தால் அமனிற்றா என்று எடுத்துக்கொண்டு ஒதுக்கி வையுங்கள்; உயிரைக் கொல்லும் இனங்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு. பதிவே விழவில்லை என்றால் குடை மிக இளமையாக இருந்திருக்கும், அல்லது வித்தி எல்லாம் கொட்டி முடிந்திருக்கும். ஈரச் சகதியாகக் கிடந்தால் மழையில் ஊறிய குடையை மூடிவிட்டீர்கள். அடுத்த தடவை அரை மணித்தியாலம் காற்றாட விட்டு வையுங்கள்.

சொப்பிங் பையில் போட்டால் வியர்த்து அழுகும். பனையோலைப் பெட்டியில், ஒவ்வொன்றையும் கடதாசியில் சுற்றி வையுங்கள். பெட்டியில் வைக்க முன் போனில் நான்கு படம்: மேல், அடித்தகடு, காம்படி, நெடுக வெட்டிய பாதி, பக்கத்தில் அடிமட்டம். எந்த மரம் அல்லது எரு, வெட்டியதும் நிறம் மாறியதா, மணம் என்ன என்று அங்கேயே எழுதுங்கள், வீட்டுக்கு வந்தால் மறந்துவிடும். படங்களை, உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநாச்சுரலிஸ்ட் என்ற செயலியில் ஏற்றலாம். அது சொல்லும் பெயரைத் தின்பதற்கு ஆதாரமாக எடுக்கக் கூடாது.

காயவைக்க மாரியில் வெயிலை நம்ப முடியாது. தடித்தவற்றைப் பாதியாகப் பிளந்து 40 முதல் 45 பாகை செல்சியசில், முறித்தால் ‘படக்’ என்று உடையும் வரை உலர்த்துங்கள். அடுப்புக்கு மேல் வைத்தால் வெந்துவிடும், பிறகு எதையும் பார்க்க முடியாது. உலர்ந்ததைச் சிலிக்கா ஜெல் பையோடு இறுக மூடிய போத்தலில் போடுங்கள். திகதி, இடம், எடுத்தவர் பெயர் எழுதிய துண்டைப் போத்தலின் உள்ளேயே, பென்சிலால் எழுதிப் போடுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.